ஓடைப் பாலத்துக்கு ஆரத்தி

இந்தக் காலத்தில் பாலம் கட்ட சிமென்ட் எதற்கு, வீடியோ போதும். ஓடையில் இரண்டு தூணோடு நின்றுபோன பாலத்தைக் கட்டி முடித்துவிட்டதாக ஃபேஸ்புக்கில் வீடியோ போட்டார் எம்.எல்.ஏ. தணிகாசலம். அக்கரையில் குடியிருக்கும் சத்துணவுச் சமையல்காரி செங்கமலம், "எங்கே பாலம்?" என்று கீழே கமெண்ட் போட்டாள்.

உடனே எம்.எல்.ஏ.வின் உதவியாளர் அவளுக்குப் போன் செய்தார். "நாளைக்கு அண்ணன் லைவ்ல வர்றார். பாலம் இருக்குன்னு உன் வாயாலயே சொல்லணும். இல்லேன்னா வேலை இருக்காது."

"சொல்றேங்க" என்றாள்.

மறுநாள் இக்கரையில் கேமராவோடு எம்.எல்.ஏ. நின்றார். அக்கரையில் அவள் ஆரத்தித் தட்டோடு நின்றாள்.

"சொல்லும்மா" என்றார் அவர், சிரித்தபடி.

"பாலம் கட்டினவருக்கு ஆரத்தி எடுக்காம இருக்கலாமாங்க? பாலத்து மேலயே நடந்து வாங்க."

எம்.எல்.ஏ. தூண்களைப் பார்த்தார். கேமராவும் அந்தப் பக்கமே திரும்பியது. ஒரு தூணில் எருமை முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது. "நடங்க அண்ணே" என்று கமெண்ட்டுகள் குவிந்தன.

கற்பூரம் அணைந்தது. செங்கமலம் கேமராவைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள்.

"சொல்லச் சொன்னதைச் சொல்லிடறேன். பாலம் இருக்கு. எங்க எம்.எல்.ஏ.வுக்குத்தான் அதுல நடக்கத் தெரியல."