ஒன்றரைச் சாண் வாசல்

முன்னொரு காலத்தில் செங்கரை நாட்டைக் கோமளராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். கெட்டவன் இல்லை. ஆனால் காலையில் ஒன்று தோன்றும், மாலையில் வேறொன்று தோன்றும். தோன்றியதெல்லாம் உடனே நடந்தாக வேண்டும். இரண்டு வருஷமாக மழை பொய்த்திருந்த நேரம் பார்த்து அவனுக்குக் கண்ணாடி மண்டபம் கட்டத் தோன்றியது.

கண்ணாடி கடல் கடந்து வர வேண்டும். பதிலுக்கு வணிகர்கள் நெல் கேட்டார்கள். களஞ்சியத்து நெல்லோ ஊர்க் கஞ்சிச் சாவடிக்குப் போய்க்கொண்டிருந்தது. பிழைப்பற்றுப் போன ஜனங்கள் அங்கேதான் ஒரு வேளையாவது வயிறு நனைத்தார்கள்.

யோசனை சொல்ல வந்தவர் களஞ்சிய அதிகாரி பவளநாதர். ஆள் ஈர்க்குச்சி மாதிரி இருப்பார். காலையில் பதினெட்டு இட்லி உள்ளே போகும். போன இடம் தெரியாது. சாவடியில் கஞ்சி காய்ச்சும் குப்பாச்சியைக் கண்டாலே அவருக்கு ஆகாது. ஒருநாள் அவர் வீட்டு விருந்தைச் சாப்பிட்டுக்கொண்டே, "என்ன இருந்தாலும் குப்பாச்சி கஞ்சிபோல வராது" என்று ராஜா சொல்லிவிட்டான். அன்றிலிருந்து புகைச்சல்.

"மகாராஜா, சாவடிக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் பசியே கிடையாது."

"அதை எப்படிக் கண்டுபிடிப்பது?"

"பசித்தவன் மெலிந்திருப்பான். சாவடி வாசலை ஒன்றரைச் சாண் அகலத்துக்குக் குறுக்குவோம். நுழைகிறவனுக்குக் கஞ்சி. நுழைய முடியாதவனுக்குப் பசியில்லை."

ராஜா தொடையைத் தட்டிச் சிரித்தான். மறுநாளே கொத்தனார் வந்துவிட்டார்.

கூட்டம் குறைந்தது. தோள் அகன்ற கல்தச்சர்கள் திரும்பிப் போனார்கள். பட்டினியில் கைகால் வீங்கியவர்களும் திரும்பிப் போனார்கள். "பார்த்தீர்களா, எத்தனை பொய்ப்பசி!" என்றார் பவளநாதர்.

சாவடிக் கஞ்சியை நம்பியிருந்த சடைச்சிக்கு ஒன்பதாம் மாசம். புருஷனை மண்டபத்துக்குக் கல் சுமக்கப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். அவள் நேராக நுழைந்து பார்த்தாள், முடியவில்லை. பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தாள், அது இன்னும் மோசம். குப்பாச்சி தினமும் பின்கதவைத் திறந்து அவளுக்கு ஒரு கலயம் கஞ்சி நீட்டிவந்தாள். இருபதாம் நாள் காவலாள் பார்த்துவிட்டான். பவளநாதர் குப்பாச்சியைச் சபைக்கு இழுத்துவந்தார்.

"சட்டத்தை மீறினாயா?" என்றான் ராஜா.

"மீறினேன் சாமி. பின்கதவுன்னு ஒண்ணு இருந்தா கை சும்மா இருக்குமா? அதை அடைச்சிடுங்க. ஒரு சொட்டுக் கஞ்சி வாசலைத் தாண்டக் கூடாது, யாரா இருந்தாலும் உள்ள வந்துதான் குடிக்கணும்னு முத்திரை போட்டுக் குடுங்க. என் கை அடங்கிடும்."

பவளநாதருக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. ராஜா மனசு மாறுவதற்குள் ஓலையை எழுதி முத்திரையும் வாங்கிவிட்டார். சாயங்காலத்துக்குள் பின்கதவு சுவராகிவிட்டது.

"நீயுமாக்கா?" என்று சடைச்சி அழுதாள்.

"ஒரே ஒரு நாள் பொறு தாயி. நாளைக்கு உச்சிப்பொழுதுக்கு வாசல்ல வந்து நில்லு."

மறுநாள் பௌர்ணமி. அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. பௌர்ணமிதோறும் ராஜா காலையிலிருந்து பட்டினி கிடந்து, உச்சிவேளையில் சாவடிக்குள் தரையில் உட்கார்ந்து முதல் அகப்பைக் கஞ்சியைக் குடிக்க வேண்டும். அதன்பிறகுதான் மற்றவர்களுக்கு. பவளநாதர் இதை மறந்தே போயிருந்தார். காலைப் பலகாரத்தைத் தவறவிடாத மனுஷருக்குப் பட்டினி நாள் எங்கே ஞாபகம் இருக்கும்?

ராஜா யானைமேல் வந்து இறங்கினான். வாசலில் தலை நுழைந்தது, ஒரு தோள் நுழைந்தது. தொப்பை நுழையவில்லை. பவளநாதர் பதறிப்போய், ராஜாவின் கைக்குக் கீழே கிடந்த சந்தில் வழுக்கிக்கொண்டு உள்ளே போய் இழுத்தார். வெளியே இரண்டு சேவகர்கள் தள்ளினார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

"குப்பாச்சி, பசி உயிர் போகிறது. ஒரு அகப்பையை இப்படி நீட்டு."

"ஒரு சொட்டும் வாசலைத் தாண்டக் கூடாதே சாமி."

"நான் ராஜா!"

"யாரா இருந்தாலும்னு நேத்து நீங்கதானே முத்திரை போட்டீங்க. நுழைய முடியாதவங்களுக்குப் பசியில்லைன்னும் சட்டம் இருக்கு."

"எனக்குப் பசிக்கிறது, அம்மா!"

"இருபது நாளா உங்க முதுகுக்குப் பின்னால நிக்கிறவங்களும் இதையேதான் சொல்றாங்க."

அவள் பவளநாதர் பக்கம் திரும்பி ஒரு கலயத்தை வைத்தாள். "உக்காருங்க ஐயா. இன்னிக்கு உள்ள நுழைஞ்சது நீங்க ஒருத்தர்தான். சட்டப்படி இந்த நாட்டிலேயே பசிச்ச ஆள் நீங்கதான்."

பதில் சொல்ல வாயைத் திறந்தார் பவளநாதர். வந்தது ஏப்பம். பதினெட்டு இட்லி ஏப்பம், சாவடி முழுக்கக் கேட்டது.

ராஜா தலையை வெளியே இழுத்துக்கொண்டான். பக்கத்தில் சடைச்சி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். "நீ எப்போது சாப்பிட்டாய்?" என்று கேட்டான்.

"முந்தாநேத்து சாமி."

ராஜாவுக்குச் சுருக்கென்றது. காலையிலிருந்து பட்டினி கிடந்ததற்கே அவனுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. "பவளநாதரே, சுவரோரம் ஒதுங்கும்!" என்று கத்திவிட்டு யானைப்பாகனுக்குக் கை காட்டினான். வாசலைக் குறுக்கிய சுவரை இடிப்பது யானைக்கு ஒரு வேலையே இல்லை. வாசல் பழைய அகலத்துக்கு வந்தது, நிலைக்கல்லையும் சேர்த்துக்கொண்டு.

தரையில் உட்கார்ந்த ராஜாவிடம் குப்பாச்சி முதல் அகப்பையை நீட்டினாள். அவன் அதை வாங்கிச் சடைச்சியிடம் கொடுத்தான். அவள் மூச்சுவிடாமல் குடித்துவிட்டு, "இன்னுங் கொஞ்சம்" என்றாள். ராஜா வாயை மூடிக்கொண்டு தன் முறைக்குக் காத்திருந்தான். இப்படி ஒரு காட்சியை அந்த நாடு அதுவரை பார்த்ததில்லை.

கண்ணாடி மண்டபம் அஸ்திவாரத்தோடு நின்றது. கல் சுமந்தவர்கள் வீடு திரும்பினார்கள். "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டதற்கு, குப்பாச்சி இன்னொரு பெரிய பானை கேட்டாள். பவளநாதருக்கும் ஒரு உத்தரவு கிடைத்தது: காலை இட்லி கிடையாது, சாவடி வாசலில் நின்று வருகிறவர்களை வாருங்கள் என்று கூப்பிட வேண்டும், கடைசி ஆள் குடித்த பிறகு அவரும் ஒரு கலயம் குடிக்கலாம்.

நாலாம் நாள் சபைக்கு ஓர் ஓலை வந்தது. ஆளுக்கு ஒரு கலயம் கஞ்சி எந்த மூலைக்கும் போதாது, உடனே இரண்டாக்க வேண்டும் என்று அதில் கண்டிருந்தது. கீழே பவளநாதரின் கையெழுத்து.