ராஜா கடித்த கல்

முன்னொரு காலத்தில் செம்பாறை நாட்டை வீரகண்ட பூபதி என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். ஆண்டார் என்பதைவிடக் கடித்தார் என்பதுதான் பொருத்தம். கொட்டைப்பாக்கைக் கடைவாயில் வைத்துப் படக்கென்று உடைத்துக் காட்டிய பிறகுதான் தினமும் சபை தொடங்கும். எல்லோரும் கைதட்ட வேண்டும். பாக்குவெட்டி என்று ஒரு சாமானை எதற்காகத்தான் கண்டுபிடித்தார்களோ, போங்கள்.

அதோடு விட்டாரா? கோபம் வந்தாலும் பல்லைக் கடிப்பார், யோசித்தாலும் கடிப்பார், தூக்கத்திலும் நறநறவென்று கடிப்பார். விடிந்ததும் தாடை வலிக்கிறது, நெற்றிப்பொட்டு தெறிக்கிறது என்று எல்லோர்மேலும் எரிந்து விழுவார். வைத்தியர் பார்க்கட்டும் என்றாலோ, ராஜாவின் வாய்க்குள் யாரும் பார்க்கக் கூடாது என்று அந்த நாட்டில் ஒரு சட்டம். அவர் கொட்டாவி விட்டால்கூடச் சபை முழுவதும் கண்ணை மூடிக்கொள்ளும். இந்தக் கூத்துக்கு நடுவில் மந்திரி அம்பலவாணர் எப்படித்தான் காலம் தள்ளினாரோ, எனக்குத் தெரியாது.

ஒருநாள் மத்தியானம் ராஜா பருப்பும் நெய்யும் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் அரண்மனை அதிகாரி ருத்ரகோடி நின்றான். மந்திரியைக் கண்டால் இவனுக்கு ஆகாது. மந்திரி சேர்த்துவிட்ட சமையற்காரன் சோலையப்பனைத் துரத்திவிட்டு, அந்த இடத்தில் தன் மைத்துனனை உட்கார்த்த வேண்டும் என்பது இவனுடைய நெடுநாள் ஆசை. அதனால் சாப்பாட்டு வேளை என்றும் பாராமல் கோள் மூட்டிக்கொண்டிருந்தான். "பக்கத்து நாட்டு ராஜா தங்களைக் கிழம் என்றானாம், மகாராஜா. பல் போன கிழம் என்றுகூடச் சொன்னானாம்."

ராஜா பல்லைக் கடித்தார். வாய்க்குள் கடக்கென்று ஒரு சத்தம். வலி தாங்காமல் வாயிலிருந்ததை இலையில் துப்பினார். வெள்ளையாக, ஒரு குறுநொய் அளவுக்கு ஏதோ கிடந்தது. ருத்ரகோடி பாய்ந்து எடுத்தான்.

"கல், மகாராஜா. சோலையப்பன் வேண்டுமென்றே போட்ட கல்."

"கல் பொறுக்கத் தெரியாத கை எதற்கு? இன்று சாயங்காலமே வெட்டுங்கள்" என்றார் ராஜா.

இரவுச் சமையலுக்கு உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்த சோலையப்பனை அப்படியே கட்டிச் சபைக்கு இழுத்து வந்தார்கள். அந்தக் கையை நம்பித்தான் அவன் வீட்டில் ஐந்து வயிறு இருந்தது.

மந்திரி அந்தக் கல்லை வாங்கிப் பார்த்தார். ஒரு பக்கம் வழவழவென்று இருந்தது, மறுபக்கம் உடைந்த மாதிரி இருந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் 'மகாராஜா, தங்கள் பல் உடைந்திருக்கிறது' என்று சொன்னால் நாக்கை அறுத்துவிடுவாரே. பெருமூச்சு விட்டுக்கொண்டு கைகூப்பினார்.

"மகாராஜா, கல்லையே வென்ற பல் தங்கள் பல். இந்தத் தீர்ப்புக்கு மோதிர முத்திரை வேண்டாம், பல் முத்திரை வைப்போம். மோதிரத்தை எவனும் போலி செய்வான். தங்கள் பல்லை யாரால் செய்ய முடியும்?"

ராஜாவுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. மந்திரி தேன்மெழுகை வெந்நீரில் இளக்கி நீட்டினார். "இதைக் கடைவாயில் சும்மா வைத்திருங்கள், கடிக்க வேண்டாம். அதிகாரி குற்றச்சாட்டைச் சொல்லி முடிக்கட்டும். பிறகு நான் சொல்லும்போது லேசாகக் கடித்தால் போதும்."

ருத்ரகோடிக்குக் கேட்கவா வேண்டும்? கல்லில் தொடங்கினான், சோலையப்பனின் பரம்பரைக்குப் போனான், அங்கிருந்து பக்கத்து நாட்டு ராஜாவுக்குப் போனான். ராஜாவின் கன்னம் புடைத்தது, பொட்டில் நரம்பு துடித்தது.

"போதும் ஐயா. மகாராஜா, மெழுகைக் கொடுங்கள்" என்றார் மந்திரி.

ராஜா எடுத்துக் கொடுத்தார். அது ஏறக்குறைய இரண்டு துண்டாகியிருந்தது.

"நான் இன்னும் கடிக்கச் சொல்லவில்லையே, மகாராஜா. வாயில் சோறு இல்லை, கல்லும் இல்லை. அப்படியிருந்தும் மெழுகு அறுந்திருக்கிறதே."

ராஜா விழித்தார்.

"வாய்க்குள் பார்க்கத்தான் தடை, மெழுகைப் பார்க்கத் தடையில்லை" என்று மந்திரி அதைத் திருப்பிக் காட்டினார். "எல்லாப் பல்லும் குழியாகப் பதிந்திருக்கிறது. இங்கே மட்டும் ஒரு மூலை பதியவில்லை, மெழுகு மேடாக நிற்கிறது. அதிகாரி எடுத்த கல்லைப் பக்கத்தில் வைக்கிறேன். அளவும் ஒன்று, வளைவும் ஒன்று. இது கல் இல்லை, மகாராஜா. தங்கள் பல்."

"வச்சிரம் மாதிரி இருக்கும் என் பல் உடையுமா?" என்றார் ராஜா. குரல் இறங்கியிருந்தது.

"எத்தனை வருஷமாக நான் தலைபாடாக அடித்துக்கொள்கிறேன். உதடு சேரலாம், பல் சேரக் கூடாது. சோறு வரும்போது சேர்ந்தால் போதும். சோறு மெல்லக் கொஞ்ச பலம் போதும், மீதிப் பலத்தையெல்லாம் தாங்கள் பல்லின்மேலேயே காட்டினால் அது என்ன செய்யும்?"

அதுவரை வாய் திறக்காத சோலையப்பனுக்குப் பொறுக்கவில்லை. "பல்லும் உங்களுது, கோவமும் உங்களுது. வெட்டுறதுக்கு மட்டும் என் கையா மகாராஜா?"

ராஜா தலையைக் குனிந்துகொண்டார். ருத்ரகோடி மெல்ல நழுவப் பார்த்தான்.

"நில்லடா. நான் சாப்பிடும்போது என் காதில் கல் போட்டவன் நீதான். இனிமேல் என்னிடம் பேச வரும்போதெல்லாம் இரண்டு கடைவாயிலும் மெழுகை அடக்கிக்கொண்டு பேசு. மெழுகில் பல் பதிந்தால் அன்றைக்கு உனக்குச் சோறு கிடையாது."

பிறகு தன் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். சோலையப்பன் பக்கம் திரும்பினார். "உனக்கு என்னப்பா வேண்டும்? கேள்."

"முதல்ல இந்தக் கட்டை அவுக்கச் சொல்லுங்க மகாராஜா. உலையில அரிசியைப் போட்டுட்டு வந்தேன். இந்நேரம் குழைஞ்சு கஞ்சியாப் போயிருக்கும்."

ராஜா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்: "கஞ்சியே கொண்டு வா, சோலையப்பா."