சொல்லாமல் விட்ட வரி

வஹிதாவிடம் ஜாவா என்ற கணினி மொழியைக் கற்றவர்களில் அவரைவிட வயதில் மூத்தவர் ஒருவர் இருந்தார். பெயர் குணாளன். கல்லூரியில் கணிதம் நடத்தியவர். வேலையை விட்டுவிட்டு, மதுரையில் மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்யும் ஒரு சிறிய நிறுவனத்தில் சேர்ந்திருந்தார். அங்கே எல்லோரும் அவரை சார் என்றே அழைத்தார்கள். அங்கே அவருக்கு வேலை கற்றுக்கொடுத்த வஹிதாவும் அப்படித்தான். அவர் வஹிதாவை மேடம் என்பார்.

ஒரு பிழை குணாளனைப் படுத்திக்கொண்டிருந்தது. டாக்டரைப் பார்க்க முன்பதிவு செய்தால், சில சமயம் இரண்டு நோயாளிகளுக்கு ஒரே டோக்கன் விழுந்தது. அவருடைய கணினியில் அந்தப் பிழை வரவே இல்லை. எல்லோரும் சேர்ந்து பயன்படுத்தும் டெவலப்மென்ட் செர்வரில் மட்டும் வந்தது. செர்வர் சென்னையில் இருந்தது.

தன் இருக்கையில் இருந்தபடியே, பிழை தேடும் கருவியான டீபக்கரை அந்தச் செர்வரோடு இணைத்தார். டோக்கன் கொடுக்கும் வரியில் ஒரு பிரேக்பாயிண்ட் வைத்தார். நிரல் அந்த வரிக்கு வந்ததும் நின்றுவிடும். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. பசித்தது. அப்படியே விட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்.

அன்று மதியம்தான் மருத்துவமனையிலிருந்து ஆட்கள் டெமோ பார்க்க வந்திருந்தார்கள். டெமோவும் அதே செர்வரில்தான். சாப்பிட்டு வந்த குணாளன் நேராகக் கூட்ட அறைக்குப் போனார். மேலாளர் எட்வின் ஒரு நோயாளியின் பெயரைப் போட்டு முன்பதிவு பட்டனை அழுத்தினார். பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. வேறு பக்கத்தைத் திறந்தார். அதுவும் வரவில்லை. செர்வரை நிறுத்தி மறுபடி கிளப்பக்கூடிய ஆள் ரயிலில் இருந்தார். போன் போகவில்லை.

எட்வினுக்கு வியர்த்தது. "என்ன சார் ஆச்சு இதுக்கு?"

"காலையிலேர்ந்து ஜெபக்கனி லோடு டெஸ்ட் ஓட்டிட்டு இருந்தாங்க. செர்வர் தாங்கியிருக்காது" என்றார் குணாளன்.

ஜெபக்கனி சோதனைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவள். செர்வர் எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்ப்பது அவள் வேலை. அறையின் ஓரத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள்.

"சாப்பிடப் போறதுக்கு முன்னாடியே நிறுத்திட்டேன் சார்."

"ஆளுங்க வர்ற நாள்லயா இதை ஓட்டுவீங்க?" என்றார் எட்வின். "நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

அவள் எழுந்து போனாள். வந்திருந்த டாக்டர், அவள் போகும்வரை தன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் குணாளன் தன் இருக்கைக்கு வந்தார். திரையைத் திறந்தார். டோக்கன் வரி பளிச்சென்று நின்றுகொண்டிருந்தது. எட்வினின் கோரிக்கை அதில் வந்து மாட்டி, மொத்தச் செர்வரையும் நிறுத்தியிருந்தது.

குணாளனுக்குக் காது சுட்டது. சுற்றிலும் பார்த்தார். யாரும் கவனிக்கவில்லை. தொடரும் பட்டனை அழுத்திவிட்டு இணைப்பைத் துண்டித்தார்.

கூட்ட அறையிலிருந்து, "வந்துருச்சு!" என்ற சத்தம் கேட்டது. எட்வின் ஓடிவந்து அவர் தோளைத் தட்டினார். "சார் கை வெச்சாதான் நடக்குது."

குணாளன் சிரித்தார். சிரித்த பிறகு, ஏன் சிரித்தோம் என்றிருந்தது.

வஹிதா தன் அறையில் ஏதோ படித்துக்கொண்டிருந்தார். குணாளன் வாசலில் நின்றார்.

"மேடம், பிரேக்பாயிண்ட் வெச்சா முழுச் செர்வரும் நிக்குதே. அப்படி நிக்காம இருக்க என்ன பண்ணணும்?"

வஹிதா தன் திரையில் காட்டினார். "இங்க 'எல்லாம்'னு இருக்கு பாருங்க. இதை மாத்திட்டா, அந்த வரிக்கு வர்ற கோரிக்கை மட்டும் நிக்கும். மத்தவங்க வேலை ஓடிக்கிட்டே இருக்கும்."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

குணாளன் போகவில்லை.

"மதியம் என்ன நடந்துச்சு சார்? வரி விடாம சொல்லுங்க."

சொன்னார். டீபக்கரை இணைத்தது, சாப்பிடப் போனது, டெமோ நின்றது, ஜெபக்கனியை வெளியே அனுப்பியது, திரையைப் பார்த்தது, விடுவித்தது.

"நடுவுல ஒண்ணு விட்டுப்போச்சு" என்றார் வஹிதா. "எட்வின் ஏன் ஜெபக்கனியை வெளிய அனுப்பினார்?"

குணாளன் தரையைப் பார்த்தார்.

"நான்தான் அவ பேரைச் சொன்னேன்."

வஹிதா நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார்.

"அவளைத் தனியா கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டுடறேன் மேடம்."

வஹிதா எழுந்தார். வராந்தாவில் தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் நின்றிருந்த ஜெபக்கனியிடம், "உள்ள வாம்மா" என்றார். கூட்ட அறைக் கதவைத் திறந்தார். மூடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

குணாளன் உள்ளே போக நேரமாயிற்று. வகுப்பு வகுப்பாகப் பேசிப் பழகிய குரல், அன்று எழும்பவில்லை.

"செர்வரை நிறுத்தினது நான்தான். என் டீபக்கர். ஜெபக்கனி மேல எந்தத் தப்பும் இல்ல. தெரிஞ்ச பிறகும் நான் சும்மா இருந்துட்டேன். மன்னிச்சுக்கம்மா."

டாக்டர் டீயைக் கீழே வைத்தார்.

"பரவால்ல, விடுங்க சார்" என்றார் எட்வின். அதைக் குணாளனிடம்தான் சொன்னார். ஜெபக்கனியிடம் எதுவும் சொல்லவில்லை.

"அவங்ககிட்ட நீங்களும் ஸாரி சொல்லணும் எட்வின்" என்றார் வஹிதா, கதவருகிலிருந்து.

எட்வின் ஏதோ முணுமுணுத்தார். ஜெபக்கனி தன் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள்.

குணாளன் வஹிதாவின் பின்னாலேயே அவர் அறைக்கு வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"சொல்லிட்டேன் மேடம். அவ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கல."

"அவ பார்க்கணும்கிறதுக்காகவா சார் சொன்னீங்க?" என்றார் வஹிதா.