வாய் நிறையத் தண்ணீர்

"இவ எப்ப டீச்சர் பேசுவா?"

கேட்டவர் கதிரேசன். காரைக்குடிப் பக்கத்தில் பேர்போன பட்டிமன்றப் பேச்சாளர். மைக்கைப் பிடித்துவிட்டால் நடுவர் மணியடித்துக் கை ஓய்ந்துபோக வேண்டியதுதான்.

கேட்கப்பட்டவள் பௌசியா. பேச்சு தாமதமாகிற குழந்தைகளுக்குப் பயிற்சி தருகிறவள். அவரைவிட ரொம்பவே இளையவள்.

அவர் மடியில் மகள் உமையாள். ஐந்து வயது. டவுன் சிண்ட்ரோமோடு பிறந்த பிள்ளை. அவள் சிரித்தால் எதிரே இருக்கிற ஆளுக்கும் சிரிப்பு வந்துவிடும், எவ்வளவு சிடுமூஞ்சியாக இருந்தாலும்.

"சொல்றதெல்லாம் புரியுது டீச்சர். செருப்பை எடுத்துட்டு வான்னா, சரியா என் செருப்பைத்தான் எடுத்துட்டு வருவா. காதும் நல்லாக் கேக்குதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. பேச்சுதான் வரலை. நானும் காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் பேசிப் பேசிச் சொல்லிக் குடுத்துக்கிட்டேதான் இருக்கேன்."

"தெரியுது சார்."

அவர் குரல் இறங்கியது.

"ஊரே கைதட்டுது எனக்கு. இவ ஒரே ஒரு தடவை அப்பான்னு கூப்பிட்டாப் போதும்."

பௌசியா எழுந்தாள். உள்ளே இருப்பது வெளியே தெரிகிற ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் சீப்புச் சீடையைப் போட்டு, மூடியை இறுக்கித் திருகி, உமையாள் கையில் கொடுத்தாள். பிறகு பாயில் சம்மணம் போட்டுச் சும்மா உட்கார்ந்துவிட்டாள்.

உமையாள் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூடியைத் தடவினாள். அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னடா தங்கம், சீடை வேணுமா? சொல்லு, சீ... டை. அப்பா சீடை தாங்கன்னு சொல்லு. சரி சரி, அழாதடா, இந்தா!"

மூடி திறந்தாகிவிட்டது. பிள்ளை அழவேயில்லை.

"இன்னிக்குப் பாடம் முடிஞ்சுது சார். அடுத்த வாரம் வாங்க."

"என்ன டீச்சர், பாப்பாவுக்கு நீங்க ஒண்ணுமே சொல்லிக் குடுக்கலையே?"

"பாப்பாவுக்குப் பாடம்னு நான் எப்ப சார் சொன்னேன்?"

மனிதருக்குச் சுருக்கென்றது. பஸ்ஸில் வீடு போய்ச் சேரும்வரை டீச்சரின் லட்சணத்தைப் பற்றி மகளிடம் பேசிக்கொண்டே போனார். அவளும் ஜன்னலோரம் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

ஆனாலும் அடுத்த வாரம் வந்தார். பெற்ற மனசு, வராமல் என்ன செய்யும்?

பௌசியா ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினாள்.

"தாகம் இல்லீங்க."

"குடிக்கிறதுக்கு இல்லை சார். வாயில வச்சுக்குங்க. முழுங்கக் கூடாது. துப்பவும் கூடாது."

"இது என்ன வைத்தியம்?"

நீட்டிய டம்ளர் நீட்டியபடியே இருந்தது. வாங்கி வாயில் ஊற்றிக்கொண்டார்.

மேடைகளைக் கிடுகிடுக்க வைத்த வாய், இரண்டு கன்னமும் உப்பி நின்றது. உமையாளுக்கு ஒரே சிரிப்பு. அப்பாவின் கன்னத்தை விரலால் குத்திப் பார்த்தாள்.

பௌசியா டப்பாவை அவள் கையில் கொடுத்தாள்.

உமையாள் மூடியைத் திருகினாள். கடித்தாள். தரையில் தட்டினாள். கடைசியில் அப்பாவின் மடியில் கொண்டுவந்து வைத்தாள்.

அவர் கை தானாக மூடிக்குப் போனது. பௌசியா வேண்டாம் என்று தலையசைத்தாள். கை திரும்பி வந்தது.

பிள்ளை அவர் முகத்தையே பார்த்தபடி நின்றாள். அப்பா ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தாள். அப்பா சொல்லவில்லை.

அப்போதுதான் அதைப் பார்த்தார். அவள் உதடுகள் ஒட்டின. பிரிந்தன. சத்தம் வரவில்லை. மறுபடி ஒட்டின. கழுத்து இறுகியது, புருவம் நெரிந்தது. அந்தச் சின்ன முகத்துக்குள் என்னவோ மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. வீட்டில் ஒருநாளும் இதை அவர் பார்த்ததில்லை. பார்க்க நேரம் ஏது, அந்த நேரமெல்லாம் அவர் பேசிக்கொண்டல்லவா இருந்தார்?

கதிரேசனுக்குக் கண்ணில் நீர் முட்டியது. பாவம், துடைக்கக்கூடப் பயமாக இருந்தது.

உதடுகள் மறுபடியும் ஒட்டின.

"ப்... பா."

வாயிலிருந்த தண்ணீர் அத்தனையும் சட்டையில்.

"என் கண்ணே! டீச்சர், கேட்டீங்களா? அப்பான்னுட்டா! நான் அப்பவே சொன்னேன், இவளுக்கு..."

பௌசியாவுக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. ஆனாலும் டம்ளரை மறுபடி நிரப்பி நீட்டினாள்.

"ஊத்திக்குங்க சார். அவ இன்னும் பேசி முடிக்கலை."