நின்றுபோனவை

"பதினாறும் முடிஞ்சுபோச்சு, சாமி. தம்பிக்கு ஒரு வரி எழுத வரல."

ஆவுடையப்பன் வாத்தியார் இதைச் சொன்னபோது சாமி மடத்துப் பின்கட்டில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

சாமிக்கு நாற்பது வயது இருக்கும். வாத்தியார் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றே பல வருஷம் ஆகிவிட்டது. நரைத்த தலை கேட்பதும் கறுத்த தலை பதில் சொல்வதும் அந்த ஆற்றங்கரை மடத்தில் யாருக்கும் வித்தியாசமாகப் படுவதில்லை.

வாத்தியார் எழுத்துக்கு ஊரில் பேர் இருந்தது. யார் வீட்டில் சாவு விழுந்தாலும், பந்தல்காரனுக்குச் சொல்லிவிட்டு அடுத்து அவர் வீட்டுக்குத்தான் ஆள் வரும். கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி, பத்திரிகை விளம்பரம், நினைவு அட்டை எல்லாவற்றுக்கும் வாசகம் அவருடையது. எச்சில் கையால் காக்கை ஓட்டாத அரிசி ஆலை முதலாளிக்கு 'வள்ளல் மறைந்தார்' என்று எழுதினார். அதைப் படித்து, அவரிடம் வேலை பார்த்தவர்களே அழுதார்கள்.

அப்படிப்பட்டவர், கூடப் பிறந்தவனுக்கு எழுத முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

தம்பி கோமதிநாயகம் ஒரு நாள் காலையில் காப்பி குடித்துவிட்டு நெஞ்சு வலிக்கிறது என்றான். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பதினாறாம் நாள் அட்டையில் புகைப்படமும் பெயரும் தேதியும் மட்டும் இருந்தன. ஊருக்கெல்லாம் எழுதுகிறவருக்குத் தம்பிக்கு எழுத மனசு வரவில்லை பார் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். அது வாத்தியார் காதிலும் விழுந்தது. வருஷத் திதிக்காவது எழுதிவிட வேண்டும் என்று அச்சகத்துக்காரரும் சொல்லியிருந்தார்.

"ஏன் வரல?" என்றார் சாமி.

"எழுத ஒண்ணுமில்ல, சாமி. படிப்பு இல்ல. எந்த வேலையிலயும் நிலைக்கல. கல்யாணம் கூடி வரல. எங்க வீட்டு மாடியறையில இருந்தான், சாப்பிட்டான், போயிட்டான். பிறந்த தேதிக்கும் இறந்த தேதிக்கும் நடுவுல நான் என்னத்தை எழுத?"

"ஒரு மனுஷன் இத்தனை வருஷம் ஒண்ணுமே செய்யாம இருக்க முடியுமா?"

"என் தம்பி இருந்தான்."

சாமி கையிலிருந்த புளியைக் கூடையில் போட்டார்.

"வீட்டுக்குப் போங்க, வாத்தியாரய்யா. அவர் போனப்புறம் உங்க வீட்டில என்னென்ன நின்னுபோச்சுன்னு பாருங்க. அதை எழுதுங்க."

வாத்தியார் வீட்டுக்கு வந்து பார்த்தார்.

எதுவும் நின்றதாகத் தெரியவில்லை. காப்பி நேரத்துக்கு வந்தது. பேப்பர் வாசலில் விழுந்தது. மாடியிலிருந்து பீடிப் புகை இறங்கி வருவதுதான் நின்றிருந்தது. நல்லதாய்ப் போயிற்று என்று ஒரு கணம் நினைத்தார். நினைத்ததற்காக வெட்கப்பட்டார்.

அப்புறம் ஒரு நாள் மாடித் தண்ணீர்த்தொட்டி நிரம்பி வழிந்து எதிர்வீட்டு வாசல்வரை ஓடியது. எதிர்வீட்டுக்காரர் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். மோட்டாரை ஏன் நிறுத்தவில்லை என்று வாத்தியார் மனைவியிடம் கேட்டார்.

"கோமு தம்பிதான நிறுத்தும்" என்றாள் காந்திமதி.

வாத்தியார் ஒரு தாளை எடுத்து அதை எழுதி வைத்தார்.

அந்த வாரமே காந்திமதியின் தங்கை மகள் செண்பகவல்லி துக்கம் விசாரிக்க வந்தாள். மத்தியானம் இருந்து சாப்பிட்டாள். சாயங்காலம் போயிட்டு வருகிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். போனவள் படியில் நின்றாள். உள்ளே பார்த்தாள். எதையாவது மறந்துவிட்டாளோ என்று வாத்தியார் கேட்டார்.

"இல்ல, பெரியப்பா. சித்தப்பா சட்டையை மாட்டிக்கிட்டு வருவாகன்னு நிக்கேன்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு தனியாகப் படியிறங்கிப் போனாள்.

வாத்தியார் யோசித்துப் பார்த்தார். அந்த வீட்டுக்கு வந்த யாரும் பஸ் நிறுத்தத்துக்குத் தனியாகப் போனதாக அவருக்கு ஞாபகம் இல்லை. பையைத் தூக்கிக்கொண்டு கூடவே போய், பஸ் வரும்வரை நின்று, ஏற்றிவிட்டு வருவது கோமதிநாயகம். அப்படிப் போகாதவர் வாத்தியார் ஒருவர்தான். அதையும் தாளில் எழுதினார்.

மூன்றாவது விஷயம் அவர் கண்ணில் படவே நாளாயிற்று.

ஒரு மத்தியானம் சாப்பிட்டு எழுந்து முன்னறைக்கு வந்துவிட்டார். மூக்குக் கண்ணாடியை அங்கேயே வைத்துவிட்டது ஞாபகம் வரவே திரும்பிப் போனார். அடுப்படியில் காந்திமதி தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"நின்னுக்கிட்டேவா சாப்பிடுத?"

"உக்காந்தா என்ன, நின்னா என்ன?"

முதலில் அவருக்கு விளங்கவில்லை. முன்னறையில் வந்து உட்கார்ந்த பிறகுதான், இத்தனை வருஷமாக இந்த நேரத்தில் அடுப்படியிலிருந்து பேச்சுச் சத்தம் கேட்கும் என்பது நினைவுக்கு வந்தது. அவர் சாப்பிட்டு எழுந்ததும் தம்பி ஒரு பலகையை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்துகொள்வான். கீழத்தெருவில் யாருக்குச் சண்டை, யார் வீட்டு மாடு கன்று போட்டது, டீக்கடையில் யார் என்ன சொன்னார் என்று அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை சொல்லிக்கொண்டிருப்பான். அவள் சிரிப்பாள். தூங்கவிட மாட்டேன் என்கிறார்களே என்று வாத்தியார் முன்னறையில் புரண்டு படுப்பார்.

அன்றைக்கே எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பக்கம் எழுதினார். தன் வாழ்நாளில் இப்படி எழுதியதில்லை என்று அவருக்கே தோன்றியது. மறுநாள் மடத்துக்குக் கொண்டுபோனார்.

சாமி முழுதும் படித்தார். நன்றாக இருக்கிறது என்றார்.

"அச்சுக்குக் குடுத்துரலாமா?"

சாமி தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"ஒண்ணு கேக்கணும். இதெல்லாம் அவர் போனதால நின்னுபோச்சா, நீங்க எந்திரிக்காததால நின்னுபோச்சா?"

வாத்தியார் முகம் சிவந்துவிட்டது. தான் கொண்டு வந்திருப்பது இரங்கலுரை என்றும், வீட்டு நிர்வாகத்துக்கு யோசனை கேட்டு வரவில்லை என்றும் சொன்னார். சாமி, காத்திருந்த அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அதற்கப்புறம் பல மாதம் வாத்தியார் அந்த மடத்துப் பக்கம் போகவில்லை. இவன் வயசென்ன, அனுபவமென்ன என்று காந்திமதியிடம் குறைப்பட்டார். ஆனாலும் சாமி கேட்ட கேள்வி கூடவே வந்துகொண்டிருந்தது.

மோட்டார் சுலபமாக முடிந்தது. காலையில் தண்ணீர் விழும் சத்தம் மாறும்போது எழுந்து போய் நிறுத்தினார். நாலு நாள் நிறுத்திய பிறகு தாளை எடுத்து மோட்டார் பற்றிய வரியைக் கோடு போட்டு அடித்தார்.

தீபாவளி சமயத்தில் பெரியம்மாவைப் பார்க்க செண்பகவல்லி வந்தாள். அவள் கிளம்பும்போது வாத்தியார் சட்டையை மாட்டிக்கொண்டார். அவள் பதறி, நீங்க எதுக்கு பெரியப்பா என்றாள். அவர் பையை வாங்கிக்கொண்டார். வழியில் என்ன பேசுவதென்று அவருக்குத் தெரியவில்லை. நிறுத்தத்தில் நின்றபோது அவளாகவே பேச ஆரம்பித்தாள். வீட்டுக்காரருக்கு வேலை போய்விட்டதாம். இன்னும் அம்மாவுக்குத் தெரியாதாம். சித்தப்பாவிடம் மட்டும் சொல்லியிருந்தாளாம். ஒரு பஸ் வந்தது. இரண்டு பேரும் அதை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு நின்றார்கள்.

வீட்டுக்கு வந்து அந்த வரியையும் அடித்தார்.

அடுப்படிதான் லேசில் மசியவில்லை.

முதல் நாள் அவர் பலகையைப் போட்டு உட்கார்ந்ததும் காந்திமதி மோர் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றார். ஊறுகாய் வேண்டுமா என்று கேட்டாள். சும்மாதான் உட்கார்ந்திருக்கிறேன் என்றார். அவள் அவசர அவசரமாக நின்றபடியே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

மறுநாள் ஏதாவது பேச வேண்டுமே என்று தமிழில் ஆகுபெயர் எத்தனை வகை என்று சொல்ல ஆரம்பித்தார்.

"நீங்க போய்ப் பேப்பர் படிங்க" என்றாள் அவள்.

வாத்தியாருக்கு அடுப்படியில் சொல்ல ஒரு விஷயமும் இல்லை. அதனால் காலையில் டீக்கடைக்குப் போய் உட்கார ஆரம்பித்தார். முதலில் அவரைக் கண்டதும் பேச்சு நின்றது. போகப் போக நிற்கவில்லை. கேட்டதை மத்தியானம் வந்து சொன்னார். ஆளை மாற்றிச் சொன்னார், தெருவை மாற்றிச் சொன்னார். காந்திமதி நின்றபடியே திருத்தினாள். மேலத்தெரு பேச்சியம்மாளின் ஆடு பஞ்சாயத்து அலுவலகத்துக்குள் புகுந்து பெஞ்சிமேல் ஏறி நின்ற கதையை அவர் தப்பும் தவறுமாகச் சொன்ன அன்று, அவளுக்குப் புரை ஏறிவிட்டது. தண்ணீர் குடித்தாள். தட்டைத் தரையில் வைத்தாள். இன்னொரு பலகையை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"மொதல்லேருந்து சொல்லுங்க" என்றாள்.

அந்த வரியை அவர் அன்றைக்கு அடிக்கவில்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அடித்தார்.

திதி நெருங்கியது. அச்சகத்துக்காரர் ஆள் அனுப்பினார். வாத்தியார் தாளை எடுத்து விரித்தார். அடித்த வரிகளைத் தவிர அதில் ஒன்றும் மிச்சமில்லை. வெறுங்கையோடு மடத்துக்குப் போன முதல் நாளுக்கே திரும்பி வந்துவிட்டதுபோல் இருந்தது. தம்பி விட்டுப்போனதையெல்லாம் எடுத்துச் செய்தாகிவிட்டது. இனி அவனுக்கென்று எழுத ஒன்றுமே இல்லையா?

காற்றாட வாசலில் வந்து நின்றார். தெருவில் காய்கறி வண்டி போய்க்கொண்டிருந்தது. பின்னாலிருந்து யாரோ, "அண்ணே" என்று கூப்பிட்டார்கள்.

வாத்தியார் சட்டென்று திரும்பினார்.

பக்கத்து வீட்டுப் பெண் காய்கறிக்காரரைக் கூப்பிட்டிருந்தாள். வண்டி நின்றது. அவள் கத்தரிக்காய் பொறுக்கினாள்.

வாத்தியார் உள்ளே போய் உட்கார்ந்தார். ஊருக்கு அவர் வாத்தியார். மனைவிக்கு அவர் 'ஏங்க'. வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு அப்பா, செண்பகவல்லிக்குப் பெரியப்பா. வெகுநேரம் பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரே ஒரு வரி எழுதினார்.

அதோடு மடத்துக்குப் போனார். சாமி ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று கேட்கவில்லை. தாளை வாங்கினார். அடித்த வரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே கீழே வந்தார். கடைசி வரியை மட்டும் வாய்விட்டுப் படித்தார்.

"'கோமதிநாயகம் போய்விட்டான். என்னை அண்ணே என்று கூப்பிட ஆள் இல்லை.'"

"ஆமா, சாமி."

"இதை அடிக்கலையா?"

"பேனாவை எடுத்துப் பார்த்தேன்" என்றார் வாத்தியார். "இதுக்கு என்ன செய்யன்னு தெரியல."

சாமி தாளை இரண்டு கையாலும் ஏந்தித் திருப்பிக் கொடுத்தார்.

"அப்ப இதை அச்சுக்குக் குடுங்க."