ஒன்பது மொட்டையும் ஒரு வெள்ளைக் கொத்தும்

இந்தப் பக்கம் திரும்பிப் படு கண்ணு. கேக்கற காது மேல இருக்கணும். இல்லைன்னா அத்தை தலையணைக்குக் கதை சொன்ன மாதிரி ஆயிடும். முடிக்குப் பூசற கருப்பு மையை நாளைக்குப் பாத்துக்கலாம். ஸ்கூல் போட்டோ எங்கயும் ஓடிப் போகாது. அப்பப்போ "ம்" சொல்லு.

"ம்."

ஒரு ஊர்ல ஒரு சுண்ணாம்புக்காரன் இருந்தான். பேரு கருப்பண்ணன். பேருல இருந்த கருப்பு தலையில முழுசா இல்ல. நெத்திக்கு மேல ஒரு கொத்து முடி மட்டும் வெள்ளை வெளேர்னு, பொறந்ததுலேருந்து. ஆமா, உன்னோடது மாதிரியேதான். சின்ன வயசுல பசங்க "கொக்கு, கொக்கு"ன்னு கத்தினாங்க. அதனால பெரியவனானதும் ஒரு சிவப்புத் தலைப்பா கட்டிக்கிட்டான். வெயில்ல தலைப்பா, மழையில தலைப்பா, கல்யாணத்துலயும் தலைப்பா. மூணாம் நாள்தான் பொண்டாட்டி செல்லாயிக்கே விஷயம் தெரிஞ்சுது. "என்ன மாமா, சுண்ணாம்பு ஒட்டியிருக்கு?"ன்னு தேய்ச்சுப் பாத்தா. போகல. "ஊருக்குத் தெரிய வேணாம் புள்ள"ன்னான். "தெரிஞ்சா ஊருக்கு என்ன நட்டம்?"னா. ஆனா சொல்லல.

அப்புறம் அவங்களுக்கு ஒரு பொண்ணு பொறந்துது. வேலாயின்னு பேரு. பாத்தா, அதே எடத்துல அதே வெள்ளைக் கொத்து! மாசமா இருக்கறப்போ செல்லாயி கிரகணத்தைப் பாத்துட்டான்னு ஊர்ல பேச்சு. சுத்தப் பொய். அந்தக் கிரகணத்தன்னிக்கு ஊர்ல எட்டுப் பேர் மாசமா இருந்தாங்க. மத்த ஏழு குழந்தைக்கும் கருகருன்னுதான் முடி. அப்பன் மூக்கு பொண்ணுக்கு வந்தா யாரும் கிரகணத்தைத் திட்டறதில்ல. முடிக்கு மட்டும் என்னவாம்?

"ம்."

வேலாயி ரொம்ப சாது. செல்லாயி குண்டானைக் கீழ போடுவா, டங்ங்ங்! அது பாட்டுக்குத் தூங்கும். "எவ்வளவு நல்ல பிள்ளை!"ன்னு பக்கத்து வீட்டுக்காரங்க வாயைப் பொளந்தாங்க. ஒரே ஒரு பழக்கம். கருப்பண்ணன் தலைப்பாவைக் கழட்டிட்டுப் பக்கத்துல படுக்கணும். அந்த வெள்ளைக் கொத்தைக் கையில இறுக்கிப் பிடிச்சாத்தான் அதுக்குத் தூக்கம் வரும். வலிக்கும். அவன் சொல்லமாட்டான்.

அப்போ குழந்தைக்கு ஒரு வயசாச்சு. மலைக்கோயில்ல மொட்டை போடக் கூட்டிட்டுப் போனாங்க. எல்லாரும் போடறதுதான். ஆனா கருப்பண்ணன் நைசா ஒரு வேண்டுதலும் சேத்துக்கிட்டான். "சாமி, இந்த முடியை நீ வெச்சுக்கோ. அடுத்த முடியைக் கருப்பாக் குடு." சரக், சரக், சரக். கொத்து போச்சு. மொட்டை மேல சில்லுன்னு சந்தனம்.

அன்னிக்குத் தேர். கூட்டம்னா கூட்டம். கருப்பண்ணன் பிரசாதம் வாங்கப் போனான். செல்லாயி தண்ணி பிடிக்கப் போனா. திரும்பி வந்து ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்தாங்க.

"பிள்ளை எங்க?"

"நீங்கதான வெச்சிருந்தீங்க?"

"நீதானடி வெச்சிருந்தே!"

குழந்தையைக் காணோம்.

"அய்யோ."

அய்யோதான். ஓடினாங்க, திடுதிடுதிடுன்னு. காணாமப் போன பிள்ளைங்களை வெக்க அங்க ஒரு கொட்டகை இருந்துது. அதுக்கு ஒரு மணியக்காரர். உள்ள ஒன்பது குழந்தைங்க. ஒன்பதும் மொட்டை. ஒன்பது மூஞ்சியிலயும் சந்தனம் வழியுது. ஒன்பதுக்கும் கோயில்ல குடுத்த மஞ்சத் துண்டு.

"அம்மாவுக்குத் தெரியாதா அத்தை?"

தெரியுமே! செல்லாயி நேராப் போய் மூணாவது மொட்டையைத் தூக்கினா. மணியக்காரர் கையைப் பிடிச்சுட்டார். "எல்லாரும் இப்படித்தான் தாயி தூக்கறாங்க. போன வருஷம் ரெண்டு மொட்டை மாறிப்போயி, பத்து நாள் கழிச்சுத் திரும்ப மாத்தினோம். அதனால சாட்சி வேணும். தேர் நிலைக்கு வர்றதுக்குள்ள சாட்சி வரலைன்னா, பிள்ளை கோயிலுக்குன்னு எழுதிடுவேன். அப்புறம் அது இங்கதான் வளரும்."

"என்ன சாட்சி சாமி?"

"பேர் சொல்லிக் கூப்பிடு. திரும்புதா பாப்போம்."

செல்லாயி கூப்பிட்டா, "வேலாயீ!" அந்த மலையில பாதிப் பேருக்கு வேலன், மீதிப் பேருக்கு வேலாயி. ஆறு மொட்டை படக்குனு திரும்புச்சு. மூணாவது மொட்டை மட்டும் தரையில போற எறும்பைப் பாத்துக்கிட்டு இருந்துது. அந்த ஒரு விநாடி பெத்தவளுக்கே சந்தேகம் வந்துடுச்சு.

"ம்..."

அப்புறம் மணியக்காரர் தவில்காரரைக் கூப்பிட்டார். "அடிங்கய்யா. அப்பவாவது அம்மாகிட்ட ஓடுதா பாப்போம்." டமடமடமடம்! எட்டு மொட்டையும் வீல்னு கத்துச்சு. மூணாவது? இன்னும் எறும்பு. மணியக்காரர் கிட்டப் போய்க் காதோரம் கை தட்டினார். ம்ஹூம். "இதுக்குக் காது கேக்கல தாயி"ன்னார், மெதுவா.

செல்லாயி பொத்துனு உக்காந்துட்டா. அவளுக்குக் குண்டான் ஞாபகம் வந்துது. டங்ங்ங். சாதுன்னு நெனச்சோமே! கருப்பண்ணனுக்கு அவனோட அத்தை ஞாபகம் வந்துது. அவங்களுக்கும் வெள்ளைக் கொத்து, அவங்களுக்கும் காது கேக்காது. ஒரு குடும்பத்துல ஒருத்தருக்கு முடி மட்டும் வரும், ஒருத்தருக்கு முடியும் காதும், ஒருத்தருக்கு நீலக் கண்ணு. பங்கு பிரிக்கறதுல ஒரு ஒழுங்கே கிடையாது.

"சாமி, இதுதான் எங்க பிள்ளை. சத்தியமா"ன்னா செல்லாயி.

"காது கேக்காத பிள்ளை உன்னுது மட்டும்தானா? அங்க அடையாளம் ஏதாவது சொல்லு."

"முன்னால ஒரு கொத்து வெள்ளை முடி சாமி."

"எங்க?"

"காலையிலதான் செரச்சோம்."

கொட்டகையே கொல்லுனு சிரிச்சுது. "அடையாளத்தைச் செரச்சுப் போட்டுட்டு வந்து பிள்ளையைக் கேக்கறியா?"ன்னார் மணியக்காரர். வெளிய தேர் கடகடகடன்னு கிட்ட வந்துடுச்சு. அவர் எழுத்தாணியைக் கையில எடுத்துட்டார்.

கருப்பண்ணன் சுத்தியும் பாத்தான். பாதிக் கூட்டம் அவன்கிட்டச் சுண்ணாம்பு வாங்கற ஆளுங்க. "கொக்கு"ன்னு கத்தின பசங்களும் மீசையோட நிக்கறாங்க. அவன் தலைப்பாவுல கை வெச்சான். ஒரு சுத்து. ரெண்டு சுத்து. மூணாவது சுத்துல தலைப்பா கையோட வந்துடுச்சு. "டேய், கொக்கு!"ன்னு ஒரு குரல். அவன் அந்தப் பக்கம் திரும்பல. ஒன்பது மொட்டைக்கு முன்னால மண்டி போட்டுத் தலையைக் குனிஞ்சான்.

எட்டு மொட்டை சும்மா பாத்துச்சு. மூணாவது மொட்டை எறும்பை விட்டுது. நிமிந்துது. அப்புறம் தத்தக்கா பித்தக்கான்னு நடந்து வந்து, அந்த வெள்ளைக் கொத்தை ரெண்டு கையாலயும் பிடிச்சு, அப்பன் தோள்ல சாஞ்சு, ஒரு பெரிய கொட்டாவி விட்டுது.

மணியக்காரர் எழுத்தாணியைக் கீழ வெச்சார். "வலிக்கலியாப்பா?"ன்னார்.

"வலிக்குது சாமி. விடச் சொல்லிடாதீங்க"ன்னான் கருப்பண்ணன்.

அப்புறம் அந்தத் தலைப்பாவையே தூளி மாதிரி மார்ல கட்டி, குழந்தையைப் போட்டுக்கிட்டு மலை இறங்கினாங்க. அதுக்கப்புறம் அவங்க வீட்ல யாரும் வேலாயியைச் சத்தம் போட்டுக் கூப்பிடல. தரையில காலைத் தட்டுவாங்க, தொம் தொம். அது திரும்பும். கையாலயே பேசுவாங்க. வேலாயி கையாலயே எதிர்த்தும் பேசும்.

"முடி? கருப்பா வந்துச்சா?"

வந்துது. சாமி நல்லா யோசிச்சு, பழையபடியே குடுத்துட்டார்.

என் தலையில என்ன தேடறே? எனக்கும் இருந்துது. இப்போ மொத்தமும் வெளுத்துப் போனதுல எது அந்தக் கொத்துன்னு எனக்கே தெரியல. சரி, பிடிச்சுக்கோ. மை டப்பாவா? அதை எங்க வெச்சேன்னு மறந்துபோச்சு. ஆ! மெதுவா இழு.

கதை மலை இறங்கி வீடு சேந்தாச்சு. கேக்கற காதைத் தலையணையில வெச்சுக்கோ, கண்ணு. தூங்கு.