காலடியில் வைத்த கள்ளப் பார்வை

முன்னொரு காலத்தில் ஓர் அரண்மனை விகடகவிக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. பெயர் சடைக்கன். சிறு வயது முதல் மண்கூடை சுமந்த கழுத்து. பனிக்காலம் வந்தால் கல்லாக இறுகிவிடும். மூன்று நாளாகப் பக்கத்தில் நிற்பவரைக்கூட ஓரக்கண்ணால்தான் பார்த்தான்.

கோட்டை அதிகாரி அம்பலவாணருக்கு அது போதாதா?

"மன்னர் பெருமானே! மதில் வேலைக்கு மண் சுமக்கும் பெண்களை இவன் கள்ளப் பார்வை பார்க்கிறான். என் கண்ணாலே கண்டேன்!"

அந்தக் குற்றத்துக்குத் தண்டனை, மதில் முடியும்வரை மண் சுமப்பது. இந்தக் கழுத்தோடு சுமந்தால் சடைக்கன் பிழைக்க மாட்டான்.

அரசருக்கு வேறு ஆசை பிறந்தது. "கோபப் பார்வை தெரியும், ஆசைப் பார்வை தெரியும். கள்ளப் பார்வையை நாம் கண்டதில்லை. சடைக்கா, அதைக் கொண்டுவந்து நம் காலடியில் வை. முடியாவிட்டால் கூடையைத் தூக்கு!"

"உத்தரவு மன்னா. தளும்பத் தளும்ப இரண்டு குடம் தண்ணீர் வேண்டும். ஒன்று எனக்கு, ஒன்று அதிகாரிக்கு."

மதிலோரம் காய்ந்த புழுதிப் பாதை. முதலில் யானைக் கொட்டில், கடைசியில் மண் சுமக்கும் பெண்களின் வரிசை. இருவரும் தலையில் குடம் வைத்து, இரு கையாலும் பிடித்து, சிந்தாமல் நடக்க வேண்டும்.

சடைக்கன் நடந்தான். கழுத்து நெருப்பாக எரிந்தது.

"விழுந்துறாத சடைக்கா, இன்னும் நாலு எட்டுதான்!" என்று கத்தினாள் வரிசையில் நின்ற காத்தாயி.

ஒரு சொட்டு சிந்தவில்லை.

அடுத்து அம்பலவாணர். யானை பிளிறியும் குடம் அசையவில்லை. பெண்களருகே வந்ததும் தண்ணீர் சளக்கென்று கொட்டியது.

"எனக்குச் சுமந்து பழக்கமில்லை மன்னா!"

"யானைக் கொட்டில்வரை பழக்கம் இருந்ததே, ஐயா?" என்றான் சடைக்கன்.

குடத்தை நிரப்பி மறுபடி நடக்கவிட்டார்கள். அதே இடத்தில் அதே ஈரம்.

"தினம் இவருக்கு இதே நோட்டந்தான் சாமி. கூடைய இறக்கி மறைச்சிக்கிட்டுத்தான் போறோம்" என்றாள் காத்தாயி.

சடைக்கன் அரசரை அந்த ஈரத்தருகே அழைத்தான். "கண் போன பக்கம் சுமை சாயும், மன்னா. சுமந்தவர்களுக்கு இது தெரியும். தாங்கள் கேட்ட கள்ளப் பார்வை இதோ, தங்கள் காலடியில்."

அரசர் கால் விரலால் சேற்றைத் தொட்டுப் பார்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தன் கைக்காப்பைக் கழற்றிச் சடைக்கனுக்குப் போட்டார். அம்பலவாணர் தலைக்குக் கூடை ஏறியது.

மதில் முடிந்தது, தண்டனையும் முடிந்தது. காத்தாயியிடம் அவர் கேட்க வேண்டிய மன்னிப்பு மட்டும் இன்னும் பாக்கி.